ஓய்வு கேட்காதவனுக்கு ஒரு பிரியாவிடை

என் கணவன் ஐஸ் ஹாக்கியிலிருந்து ஓய்வு பெறப்போகிற செய்தி எனக்கு ஒரு கிழவியின் வாயிலிருந்து கிடைத்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. என் இரண்டு விரல்களும் அப்போது அந்த வாய்க்குள்தான் இருந்தன.

மார்லோவில் ஒரு பல் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்கிற வேலை எனக்கு. அன்று காலை சாய்ந்து படுத்திருந்தவர் டோய்வோனன் அம்மாள். கீழ்வரிசைப் பற்களுக்குப் பின்னால் காபிக்கறை சுண்ணாம்பு மாதிரி இறுகிக் கிடந்தது. நான் சுரண்டச் சுரண்ட, எச்சில் உறிஞ்சும் குழாயை உதட்டோரம் தொங்கவிட்டபடி அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"உன் வீட்டுக்காரரு இனிமே வீட்டோட இருப்பாரு. உனக்கும் நிம்மதிதான், கண்ணு."

"ஏன், அவருக்கு என்ன?"

"கடைசி மேட்ச்சாமே. கறிக்கடைக் கண்ணாடியில பெருசா ஒட்டியிருக்கான். நானும் என் தங்கச்சியும் டிக்கெட் எடுத்தாச்சு. எனக்கு இப்பவே அழுகையா வருது."

வாயைக் கொப்பளிக்கச் சொன்னேன். பழுப்பும் சிவப்புமாகத் துப்பிவிட்டு, என் கையைப் பிடித்து ஒரு முறை அழுத்தினார், துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பனியில் நடந்து கறிக்கடைக்குப் போனேன். கண்ணாடியில் ஒரெஸ்ட் இருந்தான். எப்போதோ வேறொரு ஊருக்கு ஆடியபோது எடுத்த படம். சட்டையின் மேல் மட்டும் மார்லோவின் நீல நிறத்தைப் பூசியிருந்தார்கள். கழுத்தோரம் பழைய சிவப்பு எட்டிப் பார்த்தது. 'நன்றி, ஒரெஸ்ட்! பிரியாவிடை மாலை. வரும் சனிக்கிழமைக்கு அடுத்த சனி. டிக்கெட்டோடு சாசேஜ் பன் இலவசம்.'

கடைக்காரர் ரத்தக் கையை முன்துணியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "நல்ல மனுஷன்ம்மா. இது என் சார்பா" என்று கொத்துக்கறிப் பொட்டலம் ஒன்றைத் திணித்தார். வாங்கிக்கொண்டேன். கிளினிக்குக்குத் திரும்புவதற்குள் காகிதம் ஊறி, என் கம்பளிக் கையுறை முழுக்க ரத்தம்.

ஒரெஸ்ட் டிமிட்ரிக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் சஸ்காட்செவன் கோதுமைக் காட்டில் பிறந்தவன். அப்போது முப்பத்தாறு வயது. தற்காப்பு ஆட்டக்காரனாகத் தன் கோலுக்கு முன்னால் நின்று, எதிரி அடிக்கிற பக்கை, அந்தக் கெட்டி ரப்பர் வட்டை, உடம்பில் வாங்கிக்கொள்வதுதான் பதினாறு வருஷமாக அவன் செய்த தொழில். ஒரே ஒரு முறை, யாருக்கோ கால் முறிந்ததால் பெரிய லீக்கில் கூப்பிட்டார்கள். பத்து நாள் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மற்றபடி எல்லாம் மார்லோ மாதிரி ஊர்கள்தான். ஒரு காகித ஆலை, ஒரு ஏரி, பனிக்கட்டித் தரை போட்ட ஒரு ரிங்க். விற்பார்கள், மாற்றிக்கொள்வார்கள், போன் போட்டு நாளைக்கு வராதே என்பார்கள். ஊருக்கு ஊர் நான் போய்ப் பல் மருத்துவர்களின் கதவைத் தட்டுவேன்.

எனக்கு ஹாக்கி பிடிக்காது. பிடிக்காது என்பதுகூடச் சின்ன வார்த்தை. ரிங்க்குக்குள் நுழைந்ததுமே வேகவைத்த சாசேஜும் ஈரத்தோலும் கலந்து ஒரு வாடை மூக்கில் ஏறும். ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு அடியில் கால் வைக்க இடமில்லாமல் எச்சில் கிடக்கும். ஒரெஸ்ட்டின் பையில் இருக்கிற சாமான்கள் எந்தக் காலத்திலும் முழுசாகக் காய்ந்ததில்லை. அந்தப் பையின் நாற்றம் காரில், அலமாரியில், என் கோட்டில் இருந்தது. சில நோயாளிகள் என்னருகே வந்ததும் மூக்கைச் சுருக்குவதைப் பார்த்திருக்கிறேன். அவனுடைய முன்பற்கள் நான்கும் போய், கழற்றி மாட்டுகிற பல்வரிசைதான் இருந்தது. பல் துலக்கச் சொல்லித் தருகிறவளின் புருஷன்.

அவன் இதை விட்டுத் தொலைக்க வேண்டுமென்று ஒவ்வொரு வசந்தத்திலும் கேட்டிருக்கிறேன். ஆனால் விடுகிறேன் என்பது அவன் வாயிலிருந்து வரவேண்டிய சொல். கறிக்கடைக் கண்ணாடியிலிருந்து வரவேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தவனிடம் சொன்னேன். சிரித்தான்.

"எவனோ வெளையாடறான், மேவிஸ்."

"ஊர் பூரா ஒட்டியிருக்காங்க. பன் வேற தராங்களாம்."

மெல்லுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய் கோச் லாயிட்டுக்குப் போன் போட்டான். எனக்கு ஒரு பக்கப் பேச்சுதான் கேட்டது. "நான் எப்பய்யா சொன்னேன்? ... இல்ல, யாரும் எங்கிட்ட ... சரி. சரி, லாயிட்." ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"எனக்குத் தெரியும்னு நெனச்சானாம். ஓனர் பேசிட்டாருன்னு நெனச்சானாம்."

மறுநாள் டீமிலேயே ஒருவன் விஷயத்தைக் கக்கிவிட்டான். வயதான ஆட்டக்காரர்கள் ஒரு டீமில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று லீக்கில் ஒரு விதி உண்டு. ஓனர் வெண்டெல் க்ராண்ட்ஸ், கேலன் ப்ராட் என்கிற ஒரு முரடனைப் பேசி முடித்திருந்தார். ப்ராட் வந்தால் சண்டை பார்க்கக் கூட்டம் வரும். அவன் வர வேண்டுமானால் ஒரு வயதானவன் போக வேண்டும். ஒரெஸ்ட்டைத் துரத்தினால் ஊர் முகம் சுளிக்கும், ஏனென்றால் ஊருக்கு அவனைப் பிடிக்கும். அவனே ஓய்வு பெற்றுவிட்டால் ஊர் அழும். அழ வருகிறவர்கள் டிக்கெட் எடுப்பார்கள்.

"போய் இல்லைன்னு சொல்லு" என்றேன்.

"சொல்றேன்."

சொல்லவில்லை. பெட்ரோல் போடுகிறவன் அவனிடம் காசு வாங்கவில்லை. சர்ச்சில் பெயர் சொல்லி வாழ்த்தினார்கள். தினமும் யாராவது கொடுத்த கேக்கோடு வீட்டுக்கு வந்தான். டீமில் அவனை ஏற்கெனவே தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது, "தாத்தா, கைத்தடி வாங்கித் தரவா, இல்ல சக்கர நாற்காலியே போதுமா?" என்று கேட்டார்களாம். அதையும் சிரித்துக்கொண்டே வந்து சொன்னான்.

"உனக்கு ரோஷமே இல்லையா, ஒரெஸ்ட்?"

கேக்கின் மேலிருந்த கிரீமை விரலால் வழித்தான். "நேத்து நம்ம கார் மெக்கானிக் அழுதான், மேவிஸ். எனக்காக ஒருத்தன் அழறான். நான் என்னத்தச் சொல்ல?"

பதினாறு வருஷம் முகத்தில் ரப்பர் வாங்கியவனுக்கு ஒரு கை கிரீமும் ஒரு மெக்கானிக்கின் கண்ணீரும் போதுமாக இருந்தது.

சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு வெண்டெல் க்ராண்ட்ஸ் கிளினிக்குக்கு வந்தார். ஊரின் பெரிய மரச்சாமான் கடையும் அவருடையதுதான். புதினா மிட்டாய் வாசனையோடு வாயைத் திறந்தார். மிட்டாய்க்கு அடியில் முந்தின நாள் மாட்டுக்கறி நார்நாராகக் கிடந்தது. ஈறு தொட்டால் ரத்தம். கடைவாயில் ஒரு தங்கப்பல். அவர் வாய் முழுக்க என் கருவிகள் இருந்தபோது பேச ஆரம்பித்தேன்.

"மிஸ்டர் க்ராண்ட்ஸ், என் புருஷன் ஓய்வு கேக்கல. அவன்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. ஒரு மனுஷனுக்குத் தெரியாம அவனுக்குக் காரியம் பண்றீங்க. நாக்க அசைக்காதீங்க, குத்திடும்."

"ஆ" என்றார். கண் மட்டும் என் மேல் உருண்டது. எனக்கு வெறி இல்லை. கறிநாரை ஒவ்வொன்றாக இழுத்துத் தட்டில் போட்டேன்.

கொப்பளித்துத் துடைத்துக்கொண்டு, வருத்தப்படாத குரலில் சொன்னார். "இங்க பாரும்மா, நான் அவனை ஒரு போன்ல அனுப்பலாம். எத்தனையோ பேரை அப்படித்தான் அனுப்பியிருக்கேன். இவனுக்கு மரியாதை பண்றேன். ஊரே எழுந்து நின்னு கைதட்டப்போகுது. எந்த மூணாந்தர ஆட்டக்காரனுக்குக் கெடைக்குது, சொல்லு?"

"அவன் கேக்கலையே."

"எவனும் கேக்கமாட்டான். ஐஸ்லயே செத்து விழுவானுங்க. அதை விடு. நம்ம கடையிலேருந்து சாய்வு நாற்காலி ஒண்ணு தரோம், கால் தூக்கி வெச்சுக்கற மாதிரி. பழுப்பா, பச்சையா? இதெல்லாம் வீட்டுப் பொம்பளையக் கேட்டுத்தான் முடிவு பண்ணணும்."

கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டேன்.

"பழுப்பு" என்றது என் வாய்.

அன்று முழுக்க அந்தச் சொல்லை நினைத்து நினைத்துக் கூசினேன். எத்தனை முறை கை கழுவினேனோ தெரியாது.

சனிக்கிழமை கிளம்பும்போது ஒரெஸ்ட் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான்: "மைக் குடுப்பாங்க இல்ல, அப்பச் சொல்லிடறேன். நான் எங்கயும் போகலன்னு. அத்தனை பேர் முன்னாடி சொன்னா அவரால ஒண்ணும் பண்ண முடியாது."

நம்பினேன்.

ரிங்க் நிரம்பி வழிந்தது. பனிக்கட்டியின் மேல் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். டீமின் சின்னம் ஒரு ஏரி மீன். மீன் வேஷம் போட்டவன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான். பல வருஷ வியர்வை ஊறிய பஞ்சு என் கன்னத்தில் உரசியது. என் கையில் பூங்கொத்தைத் திணித்து ஒரெஸ்ட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவனுடைய சட்டையைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கொண்டுவந்தார்கள். முதுகில் எழுதியிருந்த பெயரில் ஒரு எழுத்தைக் காணோம். வெண்டெல் என் காதோரம் குனிந்து, "அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். புதினா வாசனை.

மைக்கை வாங்கினான் ஒரெஸ்ட். கூட்டம் எழுந்து நின்றது. நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாருக்கும் நன்றி" என்றான். "என் மனைவிக்கு ..." உதடு கோணியது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "இந்த ஊரை மறக்கமாட்டேன்."

அவ்வளவுதான். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். வெண்டெல் அவன் தோளை அமுக்கிப் பழுப்பு நாற்காலியில் உட்கார வைத்தார். விசையை இழுத்ததும் ஸ்கேட்டோடு அவன் கால்கள் மேலே எழும்பின. போட்டோ எடுத்தார்கள். டோய்வோனன் அம்மாளும் அவர் தங்கையும் கைக்குட்டையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை, அவன் முகத்தையும் சேர்த்து.

பிறகு ஆட்டம் தொடங்கியது. சிறிது நேரத்திலேயே ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. ஒரெஸ்ட் மூலைக்குப் போய் முதுகைக் காட்டி பக்கைத் தோண்டினால், எதிரி வந்து அவனைச் சுவரோடு சேர்த்து நசுக்க வேண்டும். அதுதான் இந்த ஆட்டம். அன்று வந்தவன் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்து, நோயாளியைத் தொடுவது போலத் தோளில் தட்டினான். அடுத்தவனும் அப்படியே. ஒரெஸ்ட் உடம்பை இறுக்கிக்கொண்டு அடிக்காகக் காத்திருப்பதும், அடி வராமல் திரும்பிப் பார்ப்பதும் எனக்கு மேலிருந்து தெரிந்தது. அவனைச் சுற்றி எல்லாரும் மரத்தைச் சுற்றி ஓடுவது போல ஓடினார்கள்.

கடைசிப் பகுதியில் பக் அவனிடம் வந்தது. தூரத்திலிருந்து சும்மா ஒரு தட்டுத் தட்டினான். பக் சோம்பலாக மிதந்து போனது. அதுவரை குண்டு மாதிரி வந்ததையெல்லாம் பிடித்த எதிரி கோல்கீப்பர், கையைத் தாமதமாகத் தூக்கி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். கோல். சங்கு ஊதியது. ஒரெஸ்ட் கோல் போட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. டீமே அவன் மேல் விழுந்து புரண்டது. அவன் கையைத் தூக்கவில்லை. அவர்களை விலக்கிக்கொண்டு நேராக கோல்கீப்பரிடம் போனான். என்ன பேசினான் என்று அப்புறம் எனக்குச் சொன்னான்.

"ஏன்டா விட்ட?"

"விடலண்ணே. கண்ணுக்குத் தெரியல."

"எங்கிட்டப் பொய் சொல்லாத."

"எங்க கோச் சொன்னாருண்ணே. உங்க ஓனர் கேட்டுக்கிட்டாராம். கடைசி மேட்ச்சு, வெச்சுக்கோங்களேன்."

அங்கிருந்து நடுவரிடம் போய் அந்த கோலை எடுத்துவிடச் சொன்னான். நடுவர், "போய் உக்காருய்யா, ஊரே சந்தோஷமா இருக்கு" என்று அனுப்பிவிட்டார். மிச்ச ஆட்டம் முழுக்க பெஞ்சின் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தான். லாயிட் தோளைத் தொட்டும் எழுந்திருக்கவில்லை.

ஆட்டம் முடிந்து நான் கீழே போனபோது, உடை மாற்றும் அறைக்கு வெளியே குப்பைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். கேக்கும் கிரீமும் சாசேஜும் வந்தன. வெண்டெல் அந்த கோல் போட்ட பக்கை வெள்ளிக் காகிதத்தில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்று காத்திருந்தார்.

ஒரெஸ்ட் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "புதன்கிழமை ப்ராக்டிஸ் எத்தனை மணிக்கு?"

"பத்துக்கு. உனக்கென்ன இனிமே?" என்று வெண்டெல் சிரித்தார்.

"வரேன்."

சிரிப்பு அவர் முகத்திலேயே கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டிருந்தது. "ஒரெஸ்ட், ஊரைக் கூட்டி அழ வெச்சிருக்கோம்."

"நீங்க வெச்சீங்க. அந்த கோலையும் நீங்களே வெச்சுக்கோங்க."

புதன்கிழமை நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். அவன் பை, ரிங்க்கின் பின்கதவுக்கு வெளியே குப்பை மூட்டைகளோடு பனியில் கிடந்தது. உள்ளே அவன் இடத்தில் ப்ராட்டின் பெயர் ஒட்டியிருந்தது. லாயிட் வெளியே வந்து தன் காலணியைப் பார்த்தபடி, "என் கையில ஒண்ணுமில்லப்பா" என்றார். ஒரெஸ்ட் பையைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டான்.

அந்த வாரமே ரெட் பேயிலிருந்து போன் வந்தது. ஏரிக்கரையில் இரண்டு மணிநேரத் தொலைவு, அதே லீக். அவர்களுடைய தற்காப்பு ஆட்டக்காரர்கள் இரண்டு பேருக்கு ஒரே வாரத்தில் அடி. ஒரெஸ்ட் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"போகவா?"

பதினாறு வருஷத்தில் அவன் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. "போ" என்றேன். ஆட்டத்தின் மேல் எனக்குப் பிரியம் வந்துவிடவில்லை. கால் தூக்கிய அந்தப் போட்டோவோடு இது முடிவதை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

மார்ச்சில் ரெட் பே டீம் மார்லோவுக்கு ஆட வந்தது. நான் டிக்கெட் எடுத்துப் போய் உட்கார்ந்தேன். ஒரெஸ்ட் பனிக்கட்டியில் கால் வைத்ததும் கூச்சல் தொடங்கியது. முதலில் ஊளை. பிறகு ஒரு பக்கத்திலிருந்து, "நாற்காலியத் திருப்பிக் குடு" என்று ஒருவன் ஆரம்பிக்க, ரிங்க் முழுக்கக் கால் தட்டிக்கொண்டு அதையே பாடியது. காசு வாங்க மறுத்த பெட்ரோல்காரன் பாதி தின்ற பன்னை எறிந்தான். மீன் வேஷக்காரன் ஒரு நாற்காலி மெத்தையைக் கட்டிக்கொண்டு அழுவது போல நடித்துக் காட்டினான். எனக்கு இரண்டு வரிசை முன்னால் டோய்வோனன் அம்மாள் எழுந்து நின்றார்.

"ஏமாத்துக்காரா. நான் அழுதேன்டா உனக்காக" என்று தொண்டை கிழியக் கத்தினார். திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டார். "வெக்கமா இல்ல உங்களுக்கு? வயசானவள அழ வெச்சு டிக்கெட் விக்கறீங்க."

"உங்களை அழச் சொன்னது நாங்க இல்லம்மா" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய கீழ்வரிசைப் பற்களைச் சுத்தமாக்கிக் கொடுத்தது நான்தான். அவை பளிச்சென்று இருந்தன.

இரண்டாம் பகுதியில் ஒரெஸ்ட் என் பக்கத்து மூலைக்கு பக்கைத் துரத்திக்கொண்டு வந்தான். பின்னாலேயே ப்ராட். வேகத்தைக் குறைக்கவே இல்லை. என் கண்முன்னால் ஒரெஸ்ட்டின் முகம் பிளாஸ்டிக் தடுப்பில் அப்பிக்கொண்டது. மூக்கு சப்பிப்போய், எச்சிலும் ரத்தமும் அதன் மேல் கோடாக வழிந்தன. கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. பிரியாவிடை அன்று நின்றதைவிட வேகமாக எழுந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்தான். தடுப்புக்கு அந்தப்பக்கம் என்னை அடையாளம் கண்டு சிரித்தான். ஆடும்போது பல்வரிசையைக் கழற்றிவைத்துவிடுவான். பொக்கை வாய், ஈறெல்லாம் ரத்தம். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் அப்படி அவன் சிரித்துப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

காரில் ஏறியதும், "நல்லா அடிச்சான் இல்ல?" என்றான்.

"பை நாறுது. ஜன்னலைத் திற."

"கொஞ்சம்கூடத் தயவு பாக்கல, மேவிஸ்."

"திறடா முதல்ல."

ரெட் பே அந்த வருஷம் எதையும் ஜெயிக்கவில்லை. ஏப்ரலில் மார்லோ வீட்டைக் காலி செய்தோம். பழுப்பு நாற்காலியை வீட்டுச் சொந்தக்காரர் வேண்டுமென்றார், கொடுத்துவிட்டோம். கோடையில் ஒரெஸ்ட்டின் அண்ணன் பண்ணைக்குப் போய்த் தங்கினோம். எந்த ஊரிலிருந்தும் போன் வரவில்லை என்று அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு மதியம் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். பெயர் கேள்விப்படாத ஒரு ஊரின் கோச். செப்டம்பரில் வர முடியுமா என்று கேட்டார். ஒரெஸ்ட் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, கையெல்லாம் கிரீஸோடு தானிய இயந்திரத்தின் பாகம் ஒன்றைக் கம்பியால் குடைந்துகொண்டிருந்தான். யார் என்று சைகையில் கேட்டான். சொன்னேன். வேண்டாமென்று தலையை ஆட்டினான்.

"அவர் ஆட்டத்தை விட்டுட்டாரு, சார்" என்றேன்.

"அப்படியா? எங்களுக்கு யாரும் சொல்லலையே. எப்ப விட்டாரு?"

ரிசீவரை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவனைக் கேட்டேன். அவன் குடைவதை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தான்.

"இப்பத்தான்னு சொல்லு" என்றான்.